மீட்புச் செலவு: கிடா ஒன்று

டோட்டல் லாஸ் என்றால் வண்டி அப்பளமாகி இருக்க வேண்டும் என்று நான் நம்பியிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வாகன இன்சூரன்ஸ் சர்வேயர் லைசென்ஸ் வாங்கி, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிய புதிதில் என் மனதில் இருந்த விதி இதுதான்: வண்டியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தால் டோட்டல் லாஸ். வராவிட்டால் ரிப்பேர்.

அந்த விதிப்படி ஆம்பூர் பக்கம் புளியமரத்தில் முட்டிய ஒரு காருக்கு டோட்டல் லாஸ் எழுதினேன். பானெட் குடை மாதிரி மடங்கியிருந்தது, விளக்கு இரண்டும் பிதுங்கித் தொங்கின, பார்க்கவே நெஞ்சு அடைத்தது. அலுவலகம் என் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு ரிப்பேருக்கு அனுப்பியது. கொஞ்ச நாளில் அதே கார் பைபாஸில் ஹாரன் அடித்துக்கொண்டு என் ஸ்கூட்டரைத் தாண்டிப் போனது. அதற்கடுத்து, ஏரி உடைந்து வந்த தண்ணீரில் ஒரு பகல் முழுக்க நின்ற கார். கதவைச் சாத்தினால் புது வண்டிச் சத்தம். காயவைத்தால் போதும் என்று எழுதினேன். உள்ளே வயரிங், கம்ப்யூட்டர், இன்ஜின், சீட்டு எல்லாம் போயிருந்தது. அது டோட்டல் லாஸ். இரண்டு முறையும் என் கண்ணீர் தப்பான பக்கம் ஓடியிருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக உண்மையான விதியைச் சொல்லிவிடுகிறேன். பாலிசி எடுக்கும்போதே வண்டிக்கு ஒரு மதிப்பு குறிப்பார்கள். ஐ.டி.வி. என்பார்கள். இந்த வருடம் இந்த வண்டியின் விலை இவ்வளவு என்று கம்பெனியும் உரிமையாளரும் ஒப்புக்கொண்ட தொகை. வண்டியை விழுந்த இடத்திலிருந்து மீட்டு, பழையபடி ஓடவைக்க ஆகும் மொத்தச் செலவு அந்த மதிப்பில் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். தாண்டாவிட்டால் ரிப்பேர். அவ்வளவுதான். வண்டி நசுங்கியதா, நிமிர்ந்து நிற்கிறதா, சர்வேயர் அழுதாரா என்பதற்கெல்லாம் படிவத்தில் இடம் கிடையாது. வண்டிக்கு வயதாக ஆக ஐ.டி.வி. இறங்கிக்கொண்டே வரும். கதவின் விலையோ ஏறிக்கொண்டே போகும். அதனால் ஒரே அடி புது வண்டிக்கு ரிப்பேர், பழைய வண்டிக்கு மரணம்.

இந்த விதியில் 'மீட்டு' என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள். அதைப் பல வருடம் நான் படிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். அதைப் படிக்கவைக்க ஒரு கிடா சாக வேண்டியிருந்தது.

மலை ஏறியது

எனக்கு மாதச் சம்பளம் கிடையாது, இன்சூரன்ஸ் கம்பெனிக் கிளைகள் கேஸ் கொடுத்தால்தான் வேலை. அப்படி ஒரு கிளையின் மேனேஜர் போனில் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சிறியவர், பேச்சில் வேகமானவர். நெல்லிவாசல்நாடு பக்கம் மலையில் ஒரு ஷேர் வண்டி ஓடையில் விழுந்துவிட்டது, ஆளுக்கு ஒன்றும் இல்லை, போய் நான்கு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை சேர்த்தார்.

"ரிப்பேர் கேஸ்தான் சார். பெருசா எழுதிடாதீங்க."

பார்ப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று மனதுக்குள் பொருமினேன். போனில் "சரிங்க சார்" என்றேன். யாரும் பார்க்காத போதும் மேனேஜரின் போனை எழுந்து நின்றுதான் பேசுவேன். அது என் முதுகெலும்பின் பழக்கம், என்னைக் கேட்பதில்லை.

எனக்கு மலைப் பாதை ஆகாது. அடிவாரத்தில் ஷேர் ஜீப்பில் முன் சீட் கொடுத்தார்கள், மரியாதைக்காக. அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டேன். டிரைவர் கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு, "சாமி கும்பிடறீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எந்த சாமின்னு சொல்லுங்க, நானும் சேர்ந்துக்கறேன்" என்றார். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணைத் திறக்காமல்.

குளித்து நின்ற வண்டி

வண்டியின் உரிமையாளர் மல்லிகா. அவரே ஓட்டுநர். முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் கணவருக்குச் சாமையும் புளியும்தான் தொழில், வண்டி என்றால் பயம். அந்தப் பயத்தில் என் இனம். மல்லிகா தினமும் காலையில் மலையிலிருந்து ஆட்களையும் மூட்டைகளையும் இறக்கி, சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருவார். மழை நாளில் ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது வளைவில் ரோட்டோரம் சரிந்து, வண்டி உருண்டு ஓடையில் போய்ப் பாறையில் சாய்ந்திருக்கிறது. மல்லிகாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிதான் அந்த வீட்டுக்கு வருமானம் என்பதை வழியிலேயே ஷேர் ஜீப்காரர் சொல்லிவிட்டார்.

ஆகையால் ஒரு நொறுங்கிய வண்டியைப் பார்க்கத் தயாராகத்தான் போனேன். ஊருக்கு நடுவில், பந்தல் மாதிரி நிழல் விட்ட பலாமரத்தடியில், வண்டி நின்றுகொண்டிருந்தது. நான்கு சக்கரத்தில். குளித்து, துடைத்து, நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலையோடு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். முன்கண்ணாடி இல்லை, ஆனால் கண்ணாடித் துண்டு ஒன்றுகூட உள்ளே இல்லை, பெருக்கி எடுத்திருந்தார்கள். ஒடுங்கிய கதவுகளைப் புளி தட்டும் கட்டையால் உள்ளிருந்து தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். ஊரே சுற்றி நின்று என் முகத்தைப் பார்த்தது.

சேதத்தைக் கணக்கிட வந்தவனுக்குச் சேதத்தையே காணோம்.

"இதை யாரும்மா இப்படிச் சரி பண்ணது?" என்று கேட்டேன்.

மல்லிகாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "ஆபீசர் பார்க்க வர்றாருன்னா சுத்தமா வெக்க வேணாமா சார்? லோன் மாட்டைப் பார்க்க பேங்க் ஆபீசர் வந்தப்ப கொம்பு சீவி, குளிப்பாட்டித்தான் நிறுத்துனோம். அவரு பார்த்துட்டு, நல்லா வெச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

அவர் மாடு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர், நான் வண்டி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க வந்தவன் என்று விளக்கினேன். மல்லிகா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கெட்டதைப் பார்க்கறதுக்கு ஒரு ஆபீசரா? இன்னா வேலை சார் இது?"

மாலையையாவது கழற்றுங்கள், போட்டோ எடுக்க வேண்டும் என்றேன். உயிர் தப்பியதற்குச் சாமிக்கு வேண்டிக்கொண்டு போட்டது, அதுவாக வாடி விழுகிறவரை கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். மாலையோடுதான் எல்லாப் போட்டோவும்.

ஊரில் பெரியவர் வெள்ளையன். மல்லிகாவுக்கு மாமா முறை. அவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே முறுக்கில் பிடித்துக்கொண்டது. கூட்டம் சந்தோஷப்பட்டது. ஒரு இன்ஜின் ஸ்டார்ட் ஆனதற்காக என் வாழ்க்கையில் நான் வருத்தப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

"ஓடுது. ஆனா ஸ்டியரிங்கை நேரா புடிச்சா வண்டி வூட்டு செவுத்தைப் பார்த்துப் போவுது சார்" என்றார் மல்லிகா.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு மூச்சு கொடுத்தது. வண்டிக்கு அடியில் படுத்தேன். சேஸிஸ் என்பது வண்டியின் அடிக்கட்டு. கட்டில் சட்டம் மாதிரி நீளச் சதுரமாக இருக்கும். அதன் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப் பிடித்து அளந்து, பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. இங்கே நான்கு விரல்கடை வித்தியாசம். சட்டம் கோணிவிட்டது. கூரையைத் தாங்கும் தூணில் துடைத்த பெயின்ட்டுக்கு அடியில் விரிசல். குங்குமம் வைத்த முகத்துக்குப் பின்னால் எலும்பு உடைந்திருந்தது.

ஓடை

விழுந்த இடத்தைப் பார்க்காமல் அறிக்கை எழுதக் கூடாது. மல்லிகா முன்னால் செருப்பில்லாமல் இறங்கிப் போனார். நான் ஷூ போட்டுக்கொண்டு, பெரும்பகுதியை உட்கார்ந்தே இறங்கினேன். பேன்ட்டின் பின்பக்கமும் அன்றோடு டோட்டல் லாஸ்.

பாறையில் வண்டியின் பெயின்ட் ஒட்டியிருந்தது. இடுக்கில் கண்ணாடித் தூள். வண்டி சாய்ந்திருந்த இடத்துக்கு மேல் இப்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. விழுந்த அன்றே மேல் மலையில் மழை கறுத்துக்கொண்டு நின்றதாம். ராத்திரிக்குள் தண்ணீர் வரும், வந்தால் வண்டி அடிவாரத்துக்குத் தனியாகப் போய்ச் சேரும் என்று தெரிந்து, ஊர் கூடி மூங்கில் நெம்பு போட்டு, கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றிவிட்டது. நல்லவேளை. அந்த உயரத்தை நான் ஏறுவதற்கே வெள்ளையன் என் அக்குளில் கை கொடுக்க வேண்டியிருந்தது. "இவரை இழுக்கறதுக்கு வண்டியே மேலு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

கோட்டுக்கு ஒரு விரல் கீழே

வாணியம்பாடியில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் இம்தியாஸ் பாய் எஸ்டிமேட் போட ஒரு மெக்கானிக்கைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கிலேயே மலை ஏறி வந்தார். சேஸிஸ், தூண், கூரை, இரண்டு கதவு, முன் ஆக்சில், ஸ்டியரிங், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலை போட்டார். நான் ஒவ்வொன்றையும் அடித்துக் குறைத்தேன், அவர் ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விட்டார். எங்கள் தொழில் நட்பு அப்படித்தான் நடக்கும்.

முடிவில் கூட்டிப் பார்த்தால், ஐ.டி.வி.யில் எழுபத்தைந்து சதவீதம் என்ற கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.

இது கேட்பதற்கு நல்ல சேதி மாதிரி இருக்கும். இல்லை. ரிப்பேர் என்று முடிவானால், ஏழு வருட வண்டிக்குப் போடும் ஒவ்வொரு புதுப் பாகத்திலும் தேய்மானம் என்று ஒரு பங்கைக் கம்பெனி கழித்துக்கொள்ளும். டிப்ரிசியேஷன். அந்தப் பங்கு உரிமையாளர் தலையில். பிளாஸ்டிக்கும் ரப்பரும் என்றால் பாதிக்குப் பாதி. மல்லிகாவிடம் அது இல்லை. வண்டி இம்தியாஸ் பாய் வாசலில் செங்கல்மேல் ஏறி நிற்கும், மழை பெய்யும், அவ்வளவுதான். டோட்டல் லாஸ் என்று ஆனால், ஐ.டி.வி.யில் உடைந்த வண்டியின் விலையை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஓடுகிற நிலையில் வேறொரு பழைய வண்டி வாங்கிவிடலாம். அந்த ஒரு விரல் இடைவெளியில்தான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு இருந்தது.

இதை அவரிடம் சொன்னேன். மல்லிகா வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அப்போ இன்னும் கொஞ்சம் நல்லா விழுந்திருக்கணும்னு சொல்றீங்க."

இம்தியாஸ் பாய் என்னைத் தனியாகக் கூட்டிப் போய்க் காதோடு சொன்னார். "ஒரு ரேடியேட்டர் சேர்த்துக்கலாமா சார்? கோட்டைத் தாண்டிடும். பாவம் அந்தம்மா."

ரேடியேட்டர் உள்ளே முழுதாக, ஒரு கீறல் இல்லாமல், எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு பொய்யில் ஒரு குடும்பத்தின் பிரச்சினை தீரும். ஆனால் எனக்குப் பொய் எழுத வராது. நல்லவன் என்பதால் இல்லை, பயந்தவன் என்பதால். எழுதிய பொய்யை நினைத்து நினைத்து நானே போய் ஒப்புக்கொண்டுவிடுவேன்.

"வேணாம் பாய். உடையாததை நான் உடைக்க மாட்டேன்."

"அப்போ வேற இன்னா வழி இருக்குது?" என்றார் அவர். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

கிடா

வாயைத் திறந்த நேரத்தில் படிவத்தின் அடுத்த வரி கண்ணில் பட்டது: மீட்புச் செலவு. எப்போதும் கிரேன் பில்லைப் பார்த்து நிரப்புகிற வரி. பில் இல்லாவிட்டால் ஒரு கோடு போட்டுவிடுவேன். கோடு போடப் பேனாவை வைத்தவன், ஒரு பேச்சுக்குக் கேட்டேன்: இழுத்தவர்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

வெள்ளையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கூலிக்கு இழுக்கறதுக்கு நாங்க இன்னா வெளி ஆளா?"

பயத்தில் பேனா கையிலிருந்து நழுவிவிட்டது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு மல்லிகாதான் விளக்கினார். இந்த ஊரில் யார் வீட்டு மாடு பள்ளத்தில் விழுந்தாலும், யார் வீட்டுக் கூரை சரிந்தாலும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்த வீட்டுக்கு நாளைக்கு யாரும் போக மாட்டார்கள். காசு கொடுப்பதும் கிடையாது, வாங்குவதும் கிடையாது. எதை மீட்டார்களோ அதன் சொந்தக்காரர், மீட்டவர்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். போட்டே ஆக வேண்டும். மாட்டுக்குக் கோழி போதும். வண்டி பெரியது. அதனால் கிடா.

"எங்க கிடாதான் சார். சந்தைக்கு வளர்த்தது. சாமைச் சோறு ஆக்கி, கிடா அடிச்சுப் போட்டோம்."

வண்டி மேலே வந்ததற்கு மல்லிகா வீட்டில் ஒரு கிடாவும் சாமை மூட்டையில் ஒரு பங்கும் குறைந்திருக்கின்றன. அப்படியானால் மீட்கச் செலவு ஆகியிருக்கிறது. விதி கிரேன் என்று சொல்லவில்லை, பில் என்றும் சொல்லவில்லை. மீட்க ஆகும் செலவு என்றுதான் சொல்கிறது. என் காது சூடாகிவிட்டது. எனக்குத் தைரியம் வரும்போது முதலில் காதுதான் சூடாகும். பயம் வரும்போதும் அதுதான், அதனால் எது வந்தது என்று உடனே தெரிவதில்லை.

எழுதப்போகிறேன் என்றதும் மல்லிகா குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"கூலின்னு எழுதாதீங்க சார். கூலி குடுத்தவள்னு பேராச்சுன்னா நாளைக்கு என் வூட்ல தீப் புடிச்சாலும் ஒருத்தரும் வர மாட்டாங்க. அதுக்கு வண்டி போனாப் போவட்டும்."

அவர் சொன்ன விதத்தில், நிஜமாகவே போகட்டும் என்றுதான் இருந்தது. கூலி என்று எழுத மாட்டேன், இழுத்தவர்கள் யாரும் ஒரு பைசா வாங்கவில்லை என்பதையே முதல் வரியாக எழுதுகிறேன் என்றேன். அவர்கள் வாங்கியதை எழுதவில்லை, உங்களுக்கு ஆன செலவைத்தான் எழுதுகிறேன். வெள்ளையன் இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அடுத்து, கிடாவின் விலை. இங்கே எனக்கு எதிர்பாராத எதிர்ப்பு. சந்தையில் இவ்வளவு போகும் என்று மல்லிகா சொன்னதும் வெள்ளையன் சிரித்தார்.

"அந்தக் கிடாவா? எனக்கு வந்த துண்டுல எலும்புதான் இருந்துச்சு."

"மூணு தடவை வாங்கித் துன்னுட்டு எலும்பாம், மாமா."

"குழம்பு நல்லா இருந்துச்சு. கிடாவைப் பத்தித்தான் பேசறேன்."

கம்பெனிக்கு எதிராக விலை ஏற்ற வேண்டிய சாட்சி, கம்பெனிக்காக விலை இறக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒடுகத்தூர் சந்தையில் ஆடு வாங்கி விற்கிற ஒருவரிடம் போனில் அன்றைய நிலவரம் கேட்டு, வெள்ளையனின் எலும்புக்கும் மல்லிகாவின் பெருமைக்கும் நடுவில் ஒரு விலை வைத்தேன். சாமையும் சேர்த்தேன். பிறகு அடிவாரத்துக் கிரேன்காரருக்குப் போன் போட்டேன். மலை ஏறுவதற்கே அவர் கேட்ட தொகையில் மந்தையே வாங்கலாம். அதுவும் ஓடைக்குள் இறங்க மாட்டாராம். அதையும் குறித்துக்கொண்டேன்.

கூட்டினேன். கோட்டைத் தாண்டியது. மயிரிழைதான், ஆனால் தாண்டியது. தப்பாகக் கூட்டியிருப்பேன் என்ற நம்பிக்கையில் மறுபடி கூட்டினேன். தாண்டியே இருந்தது. இம்தியாஸ் பாய் வாங்கிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லா" என்றார்.

அறிக்கையில் எழுதினேன்: மீட்புச் செலவு, கிடா ஒன்று, சாமை. வண்டி டோட்டல் லாஸ்.

கிளை அலுவலகம்

மேனேஜர் என்னை வரச் சொன்னார். போவதற்கு முன் பேச வேண்டியதையெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்தேன். அலுவலக வாசலில் எல்லாம் மறந்துபோனது. தண்ணீர் குடித்தேன். மறுபடி குடித்தேன். மூன்றாவது தம்ளருக்குப் போனபோது பியூன், "உள்ள போங்க சார், அவரு கடிக்க மாட்டாரு" என்றார். அது அவருடைய கணிப்பு.

மேனேஜர் கம்ப்யூட்டரில் போட்டோவைத் திறந்து என் பக்கம் திருப்பினார். மாலையும் குங்குமமுமாக வண்டி.

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்குது. இதுவா சார் டோட்டல் லாஸ்?"

சேஸிஸ் அளவுகளைக் காட்டினேன். அதில் அவருக்குச் சண்டை இல்லை. சர்வேயர் பார்ப்பதற்கு முன் வண்டியை யார் நகர்த்தச் சொன்னது என்றார். விபத்துக்குப் பிறகு வண்டிக்கு மேலும் சேதம் வராமல் பார்த்துக்கொள்வது உரிமையாளர் கடமை என்று நம் பாலிசியிலேயே இருக்கிறது, விட்டிருந்தால் ஓடை கொண்டுபோயிருக்கும் என்றேன். குரல் நடுங்கியது, வாதம் நடுங்கவில்லை. அதையும் விட்டுவிட்டார். பிறகுதான் உண்மையான இடத்துக்கு வந்தார். விரலால் அந்த வரியைத் தட்டினார்.

"கிடாவுக்கு டிப்ரிசியேஷன் போட்டீங்களா?"

பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் உற்சாகமாகிவிட்டார். கிடா மெட்டலா, ரப்பரா, ஃபைபரா, எந்தப் பட்டியலில் வரும் என்று கேட்டார். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: பயந்தவனைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் அவன் ஒன்று அழுவான், இல்லை வாயாடுவான். எனக்கு வாய்தான் முந்தியது.

"டிப்ரிசியேஷன் கிடையாது சார். வண்டிக்குத்தான் வயசானா விலை இறங்கும். கிடாவுக்கு ஏறும்."

இப்போதும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு பக்கம் மாறியிருந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை.

நேராகவே சொன்னார். அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள், ரிப்பேர் கேஸாக முடித்துவிடலாம். கிடாவுக்கு பில் இல்லை. மேலிடத்தில் பார்த்தால் கிளையைக் கேலி செய்வார்கள். நான் எடுக்காவிட்டால் அவர் வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும்.

வேறு வழி என்றதும் என் மண்டைக்குள் முழுப் படமே ஓடியது. லைசென்ஸ் ரத்து. விசாரணை. செய்தித்தாளில் என் பாஸ்போர்ட் போட்டோ, ஆட்டோடு. வீட்டில் என்ன சொல்வது? நாளைக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் பையனின் அப்பா என்ன செய்தார் என்று கேட்டால்? என் மகன் அப்போது எட்டாவதுதான் படித்துக்கொண்டிருந்தான். பயத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் எடுத்தால் என்ன எழுத வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். அந்த இடத்தில் ஒரு கோடு. கோடு என்றால் செலவு இல்லை என்று அர்த்தம். வண்டி தானாக மேலே ஏறி வந்தது என்று அர்த்தம். ரேடியேட்டரைச் சேர்ப்பது பொய் என்றால், கிடாவை எடுப்பதும் அதே பொய்தான்.

"கிரேன் பில் வந்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்கல்ல சார்?" என்று கேட்டேன். "அதுல பாதிகூட ஆகலை. கம்பெனிக்கு இதைவிட மலிவா யாரும் வண்டி எடுத்துக் குடுத்ததில்லை. பில் இல்லாததால செலவே இல்லைன்னு நான் எழுத மாட்டேன். உங்களுக்கு ஆட்சேபணைன்னா எழுத்துல குடுங்க, எழுத்துல பதில் குடுக்கறேன். அந்த வரி அங்கதான் இருக்கும்."

இவ்வளவையும் உட்கார்ந்தே சொன்னேன் என்பதை வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன். எழுந்து நிற்க முயன்றிருப்பேன், கால் ஒத்துழைக்கவில்லை. பார்த்தவர்களுக்கு அது திமிராகத் தெரிந்திருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

நடந்தது

மேனேஜர் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தார். நான் எழுத்தில் பதில் கொடுத்தேன்: கிரேன்காரர் சொன்ன தொகை, சந்தை நிலவரம், ஓடையின் போட்டோ, வீட்டுக்கு ஒரு ஆள் என்ற ஊர் வழக்கம், அதற்கு வெள்ளையன் போட்ட கையெழுத்து. கிடா என்ற சொல்லை எங்கும் விடவில்லை. எடுத்திருந்தால் வாக்கியம் அழகாக இருந்திருக்கும். காகிதங்கள் மேலிடத்துக்குப் போயின. அந்த நாட்களில் வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

இளைய சர்வேயர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கணக்கு கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் தள்ளுவார்கள். இல்லாததைச் சேர்க்கச் சொல்பவர் இரக்கத்தோடு வருவார். இருப்பதை எடுக்கச் சொல்பவர் பதவியோடு வருவார். கை நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்குகிற கையாலும் சரியாக எழுதலாம், எழுத்துதான் கொஞ்சம் கோணும்.

என் லைசென்ஸ் ரத்தாகவில்லை. விசாரணை வரவில்லை. செய்தித்தாளில் நானும் வரவில்லை, ஆடும் வரவில்லை. மேலிடம் அறிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டது. உடைந்த வண்டியை மலையிலிருந்து இறக்கி எடுத்துப்போக எந்தப் பழைய வண்டி வியாபாரியும் நல்ல விலை சொல்லாததால் அதற்குக் கழித்த தொகையும் குறைவு. மல்லிகா ஆர்.சி.யை ஒப்படைத்தார், பணம் வந்தது, திருவண்ணாமலையில் ஒரு பழைய வண்டி வாங்கினார். அது இப்போது நெல்லிவாசல்நாட்டுப் பாதையில் ஓடுகிறது. அந்தக் கிளையிலிருந்து எனக்கு இன்றுவரை ஒரு சர்வே வேலையும் வரவில்லை.